ஒரு லிட்டர் திரவம், 270 லிட்டர் ஆவி: புரோப்பேன் விரிவடையும் விதம்

வீட்டு வாசலில் இறக்கிய புதுச் சமையல் எரிவாயு சிலிண்டரை, அதன் அடிவளையத்தின் விளிம்பில் சாய்த்து உருட்டிக்கொண்டு உள்ளே கொண்டுபோகும்போது, எதுவோ கனமாக அலம்புவது கைக்குத் தெரியும். அலம்புவது திரவம். "கேஸ் சிலிண்டர்" என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லி, அதற்குள் காற்றைப் போன்ற ஏதோ ஒன்று இறுக அடைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்துவிட்டது. உண்மையில், 14.2 கிலோ எரிபொருள் கொண்ட நம் வீட்டுச் சிலிண்டரின் மொத்தக் கொள்ளளவு சுமார் 33 லிட்டர். அதில் ஏறத்தாழ 26 லிட்டர் வரை திரவமே நிற்கிறது. மேலே எஞ்சியிருக்கும் ஏழு லிட்டர் இடத்தில்தான் ஆவி இருக்கிறது, அந்த ஆவிதான் அடுப்புக்கு வருகிறது.

இதே 33 லிட்டர் பாத்திரத்தில், திரவமாக்காமல், சாதாரணக் காற்றழுத்தத்தில் எரிவாயுவை வெறும் வாயுவாகவே நிரப்பினால் எழுபது, எண்பது கிராம்தான் கொள்ளும். ஒரு பர்னரை அரை மணி நேரம் எரிக்கக்கூட அது போதாது. 75 கிராமுக்கும் 14,200 கிராமுக்கும் இடையில் உள்ள வேறுபாடு முழுவதும், ஒரு பொருள் திரவமாக இருக்கும்போது பிடித்துக்கொள்ளும் இடத்துக்கும் ஆவியானபின் பிடித்துக்கொள்ளும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து வருவது. சமையலறைக்கு இது எவ்வளவு வசதியோ, கசிவு ஏற்படும்போது அவ்வளவு ஆபத்து. இரண்டும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன என்பதால், அந்தக் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

நம் வீட்டு எரிவாயு புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு பொருள்களின் கலவை. புரோப்பேன் மூலக்கூறில் மூன்று கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. பியூட்டேனில் நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன். சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேனின் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 42 டிகிரி செல்சியஸ். பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய சுழியம், துல்லியமாகச் சொன்னால் அதற்கும் அரை டிகிரி கீழே. தண்ணீருக்கு 100 டிகிரி எப்படியோ அப்படித்தான் புரோப்பேனுக்கு இந்த மைனஸ் 42. சென்னையிலோ மதுரையிலோ ஒரு பாத்திரத்தில் திரவப் புரோப்பேனை ஊற்றிவைத்தால், அடியில் தீ எதுவும் இல்லாமலேயே அது கொதித்துத் தீர்ந்துவிடும். நம் 30 டிகிரி காற்று, அதைப் பொறுத்தவரை, கொதிநிலையைவிட 72 டிகிரி அதிகமான சூடு. கணக்கு எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக, முதலில் தூய புரோப்பேனை மட்டும் எடுத்துக்கொள்வோம். கலவைக்குப் பிறகு வருவோம்.

ஒரு லிட்டர் திரவப் புரோப்பேன் 25 டிகிரி வெப்பநிலையில் சுமார் 490 கிராம் எடை இருக்கும். அதாவது தண்ணீரின் எடையில் பாதி. அது முழுவதும் ஆவியாகி, சாதாரணக் காற்றழுத்தத்துக்கு வந்து நின்றால் எவ்வளவு இடத்தை நிரப்பும் என்பதைக் காண, பள்ளியில் படித்த ஒரு விதி போதும். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள வாயுக்கள், எந்த வாயுவாக இருந்தாலும், சம கன அளவில் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்று 1811-இல் அவகாட்ரோ முன்வைத்தார். அதன் பயனாக, எந்த வாயுவின் ஒரு மோலும் (மோல் என்பது, டஜனைப் போல, மூலக்கூறுகளை எண்ண உதவும் ஒரு நிலையான எண்ணிக்கை) 25 டிகிரியில் ஏறத்தாழ 24.5 லிட்டர் இடத்தை நிரப்பும் என்று நமக்குத் தெரியும். புரோப்பேனின் ஒரு மோல் 44 கிராம். 490 கிராமில் அப்படி 11 மோல்களுக்குச் சற்று அதிகமாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 24.5 லிட்டர் என்று பெருக்கினால் விடை 270 லிட்டரை ஒட்டி வரும். எரிவாயுத் தொழிலில் இருப்பவர்கள் "ஒன்றுக்கு 270" என்று வாய்ப்பாடு போலச் சொல்லும் எண் இதுதான்.

270 லிட்டர் என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால், வீட்டுக்கு வரும் 20 லிட்டர் குடிநீர் கேன்களைப் பதின்மூன்றரை என்ற கணக்கில் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் பால் பாக்கெட் அளவு திரவம் அத்தனை கேன்களையும் நிரப்பிவிடும். பியூட்டேனுக்கு இந்த விரிவு சற்றுக் குறைவு, சுமார் 240 மடங்கு. ஆகவே நம் வீட்டுக் கலவைக்கு 240-க்கும் 270-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஒரு முழுச் சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவும் ஆவியானால், கலவையின் விகிதத்தைப் பொறுத்து, ஆறு முதல் ஏழு கன மீட்டர் வரை, அதாவது ஆறாயிரம் ஏழாயிரம் லிட்டர் இடத்தைப் பிடிக்கும்.

இவ்வளவு பெரிய விரிவைக் கேட்டதும், மூலக்கூறுகள் பொரி பொரிவதைப் போல ஊதிப் பெருக்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. மூலக்கூறின் அளவில் எந்த மாற்றமும் இல்லை. அவற்றுக்கு இடையில் உள்ள வெற்றிடம் மட்டுமே கூடுகிறது. திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, திருவிழாக் கூட்டத்தில் தோளோடு தோள் உரச நிற்பவர்களைப் போல நெருக்கமாக இருக்கின்றன. ஆவியில் அந்தப் பிடி விட்டுப்போய், தனித்தனியாக அலைகின்றன. 270 என்பது நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் ஏற்பட்ட விரிவின் பெருக்கல் என்பதால், அதன் கன மூலத்தைக் கண்டால் ஆறரை வருகிறது. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் உள்ள சராசரி இடைவெளி ஆறரை மடங்கு ஆகிறது, அவ்வளவுதான். என் எண்ணத்தில், 270-ஐவிட இந்த ஆறரைதான் நினைவில் வைத்துக்கொள்ள ஏற்ற எண். ஏனெனில் நடப்பது என்ன என்பதை அது நேராகச் சொல்கிறது.

தண்ணீரோடு ஒப்பிட்டால் ஒரு கேள்வி எழும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் விரிகிறது. புரோப்பேன் ஏன் 270-ஓடு நின்றுவிடுகிறது? விடை மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறு சிறியது, எடை குறைந்தது, மிக நெருக்கமாக அடுக்கப்பட்டது. ஒரு லிட்டரில் 50 மோல்களுக்கு மேல் இருக்கும். புரோப்பேன் மூலக்கூறு உருவத்தில் பெரியது. அதே ஒரு லிட்டரில் 11 மோல்தான் இருக்கும். ஆவியானபின் ஒவ்வொரு மோலும் ஏறத்தாழ ஒரே இடத்தைத்தான் கேட்கும் என்பதால், எண்ணிக்கை அதிகமுள்ள தண்ணீர் அதிகமாக விரிகிறது. நீராவி 100 டிகிரிச் சூட்டில் இருப்பதும் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடத்தைத் தருகிறது.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 என்றால், 30 டிகிரிச் சமையலறையில் இருக்கும் சிலிண்டருக்குள் அது எப்படித் திரவமாகத் தங்குகிறது? சிலிண்டரை நிரப்பியதும் திரவத்தின் ஒரு பகுதி கொதித்து ஆவியாகத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆவி வெளியேற வழியில்லை. மேலே உள்ள சிறிய இடத்தில் அது சேரச் சேர, அழுத்தம் ஏறுகிறது. ஆவியிலிருந்து மீண்டும் திரவத்துக்குள் விழும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில், ஒரு நொடியில் எத்தனை மூலக்கூறுகள் திரவத்திலிருந்து கிளம்புகின்றனவோ அத்தனையே திரும்பி வந்து விழுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆவியாதல் நின்றுவிட்டது போலத் தோன்றும். உள்ளே போக்கும் வரவும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சமநிலையில் ஆவி செலுத்தும் அழுத்தத்தைத்தான் ஆவியழுத்தம் என்கிறோம். தூய புரோப்பேனுக்கு 25 டிகிரியில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். 40 டிகிரியில் 13 மடங்குக்கு மேல். பியூட்டேனுக்கு 20 டிகிரியில் இரண்டு மடங்கு அளவே என்பதால், கலவையான நம் வீட்டுச் சிலிண்டரின் அழுத்தம் இவ்விரண்டுக்கும் நடுவில் அமைகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 270 மடங்கு விரிவு முழுவதும் சிலிண்டருக்குள்ளேயே நடந்துவிடுவதில்லை. 25 டிகிரியில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஒன்பது மடங்கு இருப்பதால், ஒரு லிட்டர் திரவப் புரோப்பேன் ஆவியாகும்போது உள்ளே பிடிக்கும் இடம் சுமார் 24 லிட்டர் மட்டுமே. அந்த ஆவி நெருக்குண்ட ஆவி. அது ரெகுலேட்டர் வழியாக வெளியே வரும்போது அழுத்தம் ஏறக்குறைய வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தில்தான் இன்னொரு பதினொரு மடங்கு விரிவு நடக்கிறது. 24-ஐப் பதினொன்றரையால் பெருக்கினால் நம் பழைய 270-ஐ ஒட்டி வந்து நிற்கும். முதல் படியில் திரவம் ஆவியாகிறது. இரண்டாம் படியில் நெருக்கிய ஆவி தளர்கிறது. வீட்டு ரெகுலேட்டர் ஆவியை அடுப்புக்கு அனுப்பும்போது, வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் மட்டுமே அதிகமான அழுத்தத்தில் அனுப்புகிறது. ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சுகுழாயால் ஊதிக் குமிழி எழுப்பும் மூச்சைப் போல இது இரண்டு மூன்று மடங்கே. அவ்வளவு மென்மையான அழுத்தம். உள்ளங்கை அளவுள்ள அந்தச் சிறிய கருவி எவ்வளவு பெரிய வேறுபாட்டை நாள் முழுவதும் தாங்கி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அதைத் தட்டி, முறுக்கி, கயிறு கட்டிப் பயன்படுத்த மனம் வராது.

ஆவியழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர, திரவத்தின் அளவைப் பொறுத்தது அல்ல. சிலிண்டரில் 14 கிலோ இருந்தாலும் இரண்டு கிலோ இருந்தாலும், கலவையின் விகிதம் மாறாதவரை, அதே வெப்பநிலையில் அழுத்தம் ஒன்றே. நாம் ஆவியை எடுக்க எடுக்க, திரவம் அதே அளவுக்குப் புதிதாக ஆவியாகி இடத்தை நிரப்பிவிடுகிறது. அதனால்தான் அடுப்பின் தீ நாளுக்கு நாள் மெல்லக் குறைந்துகொண்டே போவதில்லை. திரவத்தின் கடைசிச் சொட்டு தீரும்வரை ஒழுங்காக எரிந்து, பிறகு சட்டென்று விழுந்துவிடுகிறது. அதே காரணத்தால், அழுத்தமானியைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்லவும் முடியாது. எடை போடுவது ஒன்றே சரியான வழி. சிலிண்டரின் கழுத்தை ஒட்டிய தகட்டில் வெற்றுச் சிலிண்டரின் எடை பொறிக்கப்பட்டிருக்கும்; அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் முழுச் சிலிண்டரின் எடை கிடைக்கும். சிலிண்டர் கொண்டுவருபவரிடம் தராசு இருக்கும். எடை போட்டுக் காட்டும்படி கேட்பது நுகர்வோரின் உரிமை, கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

இதுவரை இடத்தைப் பற்றியே பேசினோம். ஆவியாதலுக்கு இடம் மட்டும் போதாது, வெப்பமும் வேண்டும். திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பிடியை விடுவிக்க ஆற்றல் செலவாகிறது. அதுதான் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ எரிவாயு ஆவியாகச் சுமார் 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். குழாயிலிருந்து பிடித்த ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைவிட இது சற்று அதிகம். அந்த ஒரு கிலோ எரியும்போது தரும் வெப்பம் 46,000 கிலோஜூல் அளவில் இருக்கும் என்பதால், ஆவியாக்க ஆகும் செலவு அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த 46,000 கிலோஜூல் அடுப்பில் வெளிப்படுகிறது. 350 கிலோஜூல் சிலிண்டரிலிருந்தே எடுக்கப்படவேண்டும். சிலிண்டர் தன் திரவத்திலிருந்தும், தன் இரும்புச் சுவரிலிருந்தும், சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்தும் அந்த வெப்பத்தைத் திரட்டித் தருகிறது.

வீட்டு அடுப்பில் மணிக்கு இருநூறு கிராம் அளவே செலவாவதால், இது நம் கண்ணில் படுவதில்லை. கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள், நாலு மணிக்கு நான் பார்த்த காட்சி இது. பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்போடு இணைத்திருந்த 19 கிலோ சிலிண்டரின் வெளிப்புறத்தில், அடியிலிருந்து ஏறக்குறைய பாதி உயரம்வரை, வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடை அகலத்துக்கு நீர்த்துளிகள். அதற்கும் மேலே சுவர் உலர்ந்து, பழைய சாயம் அப்படியே தெரிந்தது. கோடு கிழித்தது போல இருந்த அந்த எல்லைதான் உள்ளே திரவம் நின்ற மட்டம். பெரிய அடுப்பு கேட்ட வேகத்துக்கு ஆவி போய்க்கொண்டே இருந்ததால், வெளிக்காற்று வெப்பம் தந்து ஈடுகட்டுவதற்குள் திரவம் தன் சொந்த வெப்பத்தைச் செலவழித்துச் சுழியத்துக்குக் கீழே குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த திரவத்தின் ஆவியழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தீ தணியும். "கேஸ் இழுக்கமாட்டேங்குது" என்று சமையல்காரர் சொன்னதன் பொருள் இதுதான். சிலிண்டர் காலியாகவில்லை, களைத்துப்போயிருந்தது. சிறிது நேரம் ஓய்வு கொடுத்தாலோ, இரண்டு மூன்று சிலிண்டர்களை ஒன்றாக இணைத்துச் சுமையைப் பகிர்ந்தாலோ அது சரியாகிவிடும்.

நம் வீடுகளில் மிச்சம் பார்க்கச் செய்யும் ஈரத்துணிச் சோதனையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஈரத்துணியால் சிலிண்டரைச் சுற்றித் துடைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால், மேல்பகுதியில் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். திரவம் நிற்கும் கீழ்ப்பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே ஈரம் தங்கும். எடை போடுவதற்கு ஈடாகாது என்றாலும், தராசு இல்லாத வீட்டில் நம்பத்தக்க கைமுறை அது.

உதகையில் உறைபனி விழும் இரவுகளில் இந்தக் குளிர்ச்சி வேறு விதமாகத் தொல்லை தரும். வெப்பநிலை சுழியத்தைத் தொடும்போது பியூட்டேனின் ஆவியழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தின் அளவுக்கு இறங்கிவிடும். வெளிக்காற்றின் அழுத்தத்தை வென்று வெளியே வர அதற்கு வலு மிகக் குறைவு. கலவையில் உள்ள புரோப்பேன்தான் அப்போது பெரும்பாலும் அடுப்பை எரிக்கும். எளிதில் ஆவியாகும் புரோப்பேன் முதலில் தீர்ந்துகொண்டே வர, சிலிண்டர் பாதிக்குக் கீழே வந்த நிலையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பியூட்டேனாக இருக்கும். எடையிருந்தும் தீ வராத சிலிண்டர், வெயில் ஏறியபின் தானாக எரியத் தொடங்குவது இதனால்தான். கடுங்குளிர் உள்ள நாடுகளில் பியூட்டேனை விட்டுவிட்டுத் தூய புரோப்பேனையே வீட்டுக்குப் பயன்படுத்துவதற்கும் காரணம் அதன் மைனஸ் 42 டிகிரிக் கொதிநிலையே.

தீ தணிந்தால் பலர் செய்யும் இரண்டு காரியங்களைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஒன்று, சிலிண்டரைக் கொதிநீர்த் தொட்டியில் வைப்பது அல்லது அதன் அருகே தீ மூட்டுவது; ஆவியழுத்தம் வெப்பநிலையோடு எவ்வளவு விரைவாக ஏறும் என்பதை மேலே உள்ள எண்களிலேயே பார்த்தோம். மற்றொன்று, இன்னும் பரவலானது, சிலிண்டரைப் படுக்கவைப்பது அல்லது தலைகீழாகச் சாய்ப்பது. அப்படிச் செய்யும்போது வால்வின் வாயில் ஆவிக்குப் பதிலாகத் திரவம் வந்து நிற்கிறது. ஆவியை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட ரெகுலேட்டருக்குள்ளும் குழாய்க்குள்ளும் திரவம் புகுந்தால், அது அங்கே 270 மடங்கு விரியும். ஒரு பங்கு புரோப்பேன் ஆவி எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும் என்பதால், பர்னரை எட்டும் ஒரு ஸ்பூன் திரவமும் பல பத்து லிட்டர் காற்றைக் கேட்டு, தீ ஆளுயரத்துக்கு எழும். சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையிலேயே இருக்கவேண்டும் என்று எழுதிவைத்திருப்பதற்குக் காரணம் இது.

கசிவைப் பற்றிய கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். பத்தடிக்கு எட்டடி, உயரம் ஒன்பதடி உள்ள சமையலறையின் கன அளவு சுமார் 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர். காற்றில் எரிவாயு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பற்றக்கூடிய கலவையாகிவிடும். 20,000 லிட்டரில் நூற்றுக்கு இரண்டு என்பது 400 லிட்டர் ஆவி. அதைத் தர எவ்வளவு திரவம் வேண்டும்? ஒன்றரை லிட்டரைச் சற்றுத் தாண்டினால் போதும். எடையில் ஒரு கிலோகூட இல்லை. சிலிண்டரில் இருப்பது 26 லிட்டர். அதுவும் ஆவி அறை முழுவதும் சீராகப் பரவினால் என்று வைத்துப் போட்ட கணக்கு. புரோப்பேன் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஆவி இரண்டு மடங்கு கனம். எனவே கசிந்த ஆவி மேலே கலையாமல் தரையை ஒட்டிப் படர்ந்து, மேடைக்கு அடியிலும் சாக்கடைத் துளையிலும் தேங்கும். அந்தத் தாழ்ந்த அடுக்கு எரியும் அளவை எட்ட, மேற்சொன்னதில் ஒரு சிறு பங்கே போதும். எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது, எரியும் அளவை எட்டுவதற்கு வெகுமுன்னரே மூக்குக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. நாற்றம் வந்தால் மின்விசிறியையோ விளக்கையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்கவேண்டும்.

திரவம் ஆவியாகி விரிவது ஒன்று. திரவம் திரவமாகவே சூட்டில் விரிவது வேறொன்று. தொடக்கத்தில் படிப்பவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 15 டிகிரியில் 100 லிட்டராக இருக்கும் திரவப் புரோப்பேன், 50 டிகிரிக்குப் போனால் 113 லிட்டர் ஆகிறது. தண்ணீர் அதே சூட்டில் 101 லிட்டரைச் சற்றே தாண்டும். 270-க்கு முன்னால் இந்தப் பதின்மூன்று அற்பமாகத் தோன்றலாம், ஆனால் ஆவியை நெருக்க முடியும், திரவத்தை நெருக்க முடியாது. சிலிண்டரை விளிம்புவரை திரவத்தால் நிரப்பி வெயிலில் வைத்தால், விரியும் திரவத்துக்கு இடமில்லாமல் போய், ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பல வளிமண்டல அளவு எகிறும். 33 லிட்டர்ச் சிலிண்டரில் 26 லிட்டரோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம். மேலே இருக்கும் அந்த ஏழு லிட்டர் வெற்றிடம் நம்மைக் காக்கும் இடம். 1978 ஜூலை 11 அன்று, ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் லோஸ் அல்ஃபாக்கெஸ் என்ற முகாமை ஒட்டிய சாலையில், புரோப்பேனுக்கு நெருங்கிய உறவான புரோப்பிலீன் திரவத்தை அளவுக்கு மீறி நிரப்பிச் சென்ற டேங்கர் லாரி உடைந்து தீப்பற்றியதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆவியாதலின் குளிர்ச்சியே உயிர்ப்பலிக்கு வழிவகுத்த நிகழ்வும் உண்டு. பிரான்சில் லியோன் நகரை அடுத்த ஃபேஸான் சுத்திகரிப்பு ஆலையில், 1966 ஜனவரி 4 அன்று, புரோப்பேன் நிரம்பிய கோளத் தொட்டி ஒன்றின் அடிக்குழாயைத் திறந்தனர். வெளியே பாய்ந்த திரவம் அந்த நொடியே ஆவியாகத் தொடங்கி, சுற்றியிருந்த வெப்பத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ள, வால்வு உறைந்து இறுகிவிட்டது, மூட முடியவில்லை. ஆவி மேகம் தரையோடு தவழ்ந்து அருகிலிருந்த சாலையை எட்டியது. அங்கே வந்த ஒரு காரிலிருந்து தீப்பற்றியது. பிறகு, தீயில் வெந்த தொட்டி பிளந்து, உள்ளே சூடேறியிருந்த திரவம் ஒரே கணத்தில் ஆவியாக வெடித்துக் கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் உள்பட 18 பேர் உயிரிழந்தனர். மூடிய பாத்திரத்துக்குள் அமைதியாகச் சமநிலையில் இருக்கும் திரவம், பாத்திரம் உடைந்தால் அதன்பின் மெல்லக் கசிவதில்லை. கொதிநிலையைவிட 70, 80 டிகிரி சூடாக இருக்கும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி, மீதியையும் துளிகளாகச் சிதறடித்துக்கொண்டு போகிறது.

நம் ஊர் அனுபவமும் ஒன்று உண்டு. 2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர் லாரி ஒன்றின் டேங்கர் கவிழ்ந்து கசியத் தொடங்கியது. அதில் இருந்தது 18 டன். அது முழுவதும் ஆவியானால் எட்டாயிரம் கன மீட்டர் அளவுக்கு விரியும். நான் மேலே சொன்ன சமையலறையைப் போல நானூறு அறைகளை நிரப்பும். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், போக்குவரத்தை நிறுத்தியதும், தீயணைப்புத் துறையினர் பல மணி நேரம் விடாமல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்ததும் மிகையான எச்சரிக்கை என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அந்தத் தண்ணீர் வெளிவரும் ஆவியைக் கலைத்துக் காற்றில் நீர்க்கச் செய்தது. டேங்கர் அகற்றப்பட்டது, உயிரிழப்பு எதுவும் இல்லை.

இயற்கை எரிவாயுவை ஏன் இப்படி எளிதாகத் திரவமாக்கிச் சிலிண்டரில் தருவதில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். அதன் முதன்மைப் பொருளான மீத்தேனை, மைனஸ் 82 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது. புரோப்பேனுக்கு அந்த எல்லை 96 டிகிரிக்கு மேல் இருப்பதால், நம் ஊர் வெப்பத்தில், மேலே பார்த்த மிதமான அழுத்தமே போதுமானதாகிறது. அதனால்தான் மீத்தேன் வீட்டுக்குக் குழாய் வழியாக வருகிறது, புரோப்பேன் சிலிண்டரில் வருகிறது.

கடைசியாகக் காலிச் சிலிண்டர். தீ அணைந்து, "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று கழற்றி ஓரமாக வைக்கும்போது தீர்ந்திருப்பது திரவம் மட்டுமே. 33 லிட்டர் இடமும் ஆவியால் நிரம்பித்தான் இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன அந்த எழுபது, எண்பது கிராம் அப்படியே உள்ளே நிற்கிறது. அதோடு காற்று கலக்காதவரை அது எரியாது. வால்வு சரியாக மூடாமல் இருந்தால், பகல் சூட்டில் உள்ளிருக்கும் ஆவி விரிந்து கொஞ்சம் வெளியே வரும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே போகும். இப்படி நாள்தோறும் மூச்சுவிட்டு மூச்சு வாங்கும் சிலிண்டருக்குள், எரியக்கூடிய கலவை தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே, நூலில் கட்டித் தொங்கும் அந்தச் சிறிய பிளாஸ்டிக் மூடியை, முழுச் சிலிண்டருக்குப் போடும் அதே கவனத்தோடு காலிச் சிலிண்டரின் வால்விலும் அழுத்திப் பொருத்திவிட்டே ஓரத்தில் வைக்கவேண்டும்.